அக்காவின் தம்ளர்

இரவு ஒன்பது மணிக்கு அக்காவின் செல்போனில் அலாரம் அடிக்கும். கோயில் மணிச் சத்தம் மாதிரி ஒரு ரிங்டோன். அடித்ததும் எழுந்து போய், அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வாள். வீட்டில் விருந்தாளி இருந்தால், ‘பிரஷர் மாத்திரை’ என்பாள். அவளுக்கு பிரஷர் கிடையாது. இருபத்தோரு வருடங்களாக இந்தப் பழக்கம் தொடர்கிறது.

போன மாசி மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல இடம். பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பஜ்ஜி, கேசரி, பேச்சு எல்லாம் முடிந்து, தேதி குறிப்பது வரை வந்துவிட்டது. அவர்கள் கிளம்பிப் போனதும் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“சொல்லிடணும்டி” என்றாள்.

எனக்கு என்ன சொல்கிறாள் என்று உடனே புரிந்துவிட்டது. “எதுக்குக்கா? பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே” என்றேன்.

“பாப்பாவுக்கு இல்ல. எனக்கு இருக்கே.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரையை அன்றே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு, ஊரு வேண்டாம். மத்தது எல்லாம் எழுது” என்றாள்.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது 1996-ல். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊர் தர்மபுரியிலிருந்து தொப்பூர் போகும் வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, புளிய மரங்கள், கொஞ்சம் மாந்தோப்பு. படித்தவன் வேலைக்குப் போனான். படிக்காதவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான், இல்லையென்றால் லாரி ஏறினான். மாமா லாரி ஏறினவர். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார். திரும்பி வரும்போது எங்களுக்கு ஒரு கூடை ஆரஞ்சு. தோலை உரித்து என் கண்ணில் சாற்றைப் பீய்ச்சிவிட்டுச் சிரிப்பார். கெட்ட மனிதர் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு நாள், பதினைந்து நாள் வீட்டைவிட்டு இருந்தவர், வழியில் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

1999-ல் அவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. விட்டு விட்டு வந்தது. இளைத்துக்கொண்டே போனார். டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் தேறினார், மறுபடி விழுந்தார். கடைசியில் வேறு ஊரில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவை அவரிடம் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்த மாமாவின் பெரியப்பா மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் ஊருக்கு போன் போட்டுச் சொன்னார். நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்பே ஊருக்கே தெரிந்திருந்தது. அக்கா மட்டும்தான் கடைசியில் தெரிந்துகொண்டாள். அதுவும் ஒரு பக்கத்து வீட்டுக்காரம்மா வாயால்.

மாமா 2000-ல் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு அக்காவுக்குப் பரிசோதனை. இருக்கிறது என்றார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை. அக்கா அவளுக்கு ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுத்திருந்தாள். மருந்து எதுவும் கொடுக்காவிட்டாலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தப்பித்துவிடும் என்பதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்று அது தீர்த்தமலை ஈஸ்வரன் செயல் என்று அம்மா மொட்டை போட்டுக்கொண்டாள்.

மாமா வீட்டில் அக்காவை ஒரு மாதம்கூட வைத்துக்கொள்ளவில்லை. “எம் மவனுக்கு இவதான் குடுத்துட்டா” என்று அவர் அம்மா தெருவில் நின்று சொன்னாள். தொப்பூர் கணவாயைத் தாண்டி வெளியூர் போனதே இல்லை அக்கா. அவள் பதில் சொல்லவில்லை. ஒரு பெட்டியும் குழந்தையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் எட்டு எவர்சில்வர் தம்ளர்கள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி. அக்கா எந்தத் தம்ளரில் குடிக்கிறாள் என்று தெரியாமல் எனக்குப் பயம் வந்தது. பிளஸ் டூ முடித்திருந்தேன், அறிவியல் குரூப் வேறு. ஒரு மதியம் யாரும் இல்லாதபோது ஒரு தம்ளரின் அடியில் என் நெயில் பாலீஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். அதிலிருந்து அக்காவுக்குக் காபி கொடுத்தால் அந்தத் தம்ளரில்தான் கொடுப்பேன். அம்மா அதைக் கவனித்தாளா, தெரியாது. ஆனால் கொஞ்ச நாளில் அம்மாவும் அந்தத் தம்ளரையே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். யாரும் யாரிடமும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. தம்ளருக்குப் பிறகு தட்டு. தட்டுக்குப் பிறகு பாய்.

உங்களில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ‘புள்ளிராஜா’ நினைவிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் சுவர் சுவராக, பஸ் பஸ்ஸாக, யார் இந்தப் புள்ளிராஜா, அவனுக்கு எய்ட்ஸ் வருமா வராதா என்று ஊரே பேசிய விளம்பரம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் ஒருவனை ஒருவன் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அக்காவும் நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா திடீரென்று சிரித்தாள். “நம்ம வீட்லயும் ஒரு புள்ளி இருக்குல்ல?” என்றாள். எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

பல வருடங்கள் கழித்து, 2016-ல் என்று ஞாபகம், செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தபோது நிர்மலா என்ற டாக்டரைப் பற்றி ஒரு செய்தி கண்ணில் பட்டது. இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்தவர். மும்பையோ டெல்லியோ இல்லை, நம் சென்னையில். அதுவரை எனக்கு இது தெரியாது. அன்றிலிருந்து அவரைப் பற்றியும், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன்.

1985-ன் கடைசி. செல்லப்பன் நிர்மலா சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. முப்பத்திரண்டு வயது. இரண்டு சின்னக் குழந்தைகள். ஆய்வுக்கு ஒரு தலைப்பு வேண்டும். பேராசிரியர் சுனிதி, ‘எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடிப்பார்’ என்கிறார். அமெரிக்காவில் 1981-ல் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானதிலிருந்தே அவர் இதைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் நம் நாட்டில் அன்றைய நினைப்பு வேறு. அது ஒழுக்கம் கெட்ட மேல்நாட்டுக்காரனுக்கு வருவது, நமக்கெல்லாம் வராது. புனேயில் நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சோதித்து ஒன்றும் இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள். நிர்மலாவுக்கே தயக்கம். வீட்டில் கணவர்தான், ‘செய், பார்த்துக்கொள்ளலாம்’ என்று தைரியம் சொல்லியிருக்கிறார்.

மும்பையைப் போல் சென்னையில் தனியாக ஒரு சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. பாலியல் தொழில் செய்யும் பெண்களை எங்கே போய்த் தேடுவது? அரசுப் பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களோடு பழகி, அவர்கள் மூலமாக ஒரு காப்பகத்தைப் பற்றித் தெரிந்துகொள்கிறார். போலீஸ் பிடிக்கும் பெண்களை அடைத்து வைக்கும் இடம். பஸ் காசை மிச்சம் பிடிக்கக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவாராம். கையுறை கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்தார். அதிலிருந்து சீரத்தைப் பிரித்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். எங்கள் வீட்டுத் தம்ளரை நினைத்துக்கொண்டேன். இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில், தயிருக்கும் காய்கறிக்கும் பக்கத்தில் அந்தக் குப்பிகள்.

அன்று சென்னையில் அந்தச் சோதனை செய்ய வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸில் வைத்து, ராத்திரி ரயிலில் காட்பாடி போகிறார்கள். அங்கே வைராலஜி துறைத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான், தன் ஆட்கள் இருவரை உதவிக்குக் கொடுக்கிறார். சோதனை எளிமையானதுதான். தட்டில் சின்னச் சின்னக் குழிகள். குழியின் அடியில் கிருமியின் புரதம் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் அந்தக் கிருமியை எதிர்க்கும் பொருள் இருந்தால் அது போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் ஊற்றும் மருந்து நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஆறு குழிகள் மஞ்சளாக இருந்தன.

யாரும் நம்பவில்லை. திரும்பவும் காப்பகத்துக்குப் போய் அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வேறு முறையில் சோதித்தார்கள். உறுதியானது. அந்த மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே அறிவித்தார். பார்வையாளர் மாடத்தில் நிர்மலா உட்கார்ந்திருந்தாராம். பாராட்டவில்லை, திட்டினார்கள். சுனிதி மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், ‘வடக்கத்திக்காரி நம்மை அசிங்கமானவர்கள் என்கிறாள்’ என்று பேசியவர்களும் உண்டு. அவர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். நிர்மலா 1987-ல் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, கிண்டி கிங் நோய்த் தடுப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2010-ல் சத்தமில்லாமல் ஓய்வு பெற்றார்.

இதைப் படித்து முடித்த இரவு எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின.

ஒன்று, அந்த ஆறு பெண்கள். என்ன சோதனை என்று அவர்களிடம் சொல்லவே இல்லை என்று நிர்மலாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சொன்னாலும் புரிந்திருக்காது என்பது அவர் எண்ணம். அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது. ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அக்காவிடமும் கடைசியில்தானே சொன்னார்கள்? நாடே விழித்துக்கொண்டது அந்த ஆறு பேரின் ரத்தத்தால். அதற்குப் பிறகு அவர்கள் எத்தனை நாள் இருந்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், தனித் தம்ளரிலா கொடுத்தார்கள்?

இன்னொன்று, தேதி. 1986-ல் சட்டமன்றத்தில் அறிவித்தாயிற்று. 1996-ல் அக்காவுக்குக் கல்யாணம். நடுவில் பத்து வருடம். சென்னைக்கும் தர்மபுரிக்கும் முந்நூறு கிலோமீட்டர். அந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தபோது நோயாகத்தான் வந்தது.

சுனிதி அம்மா ஒரு கண்டுபிடிப்போடு நிற்கவில்லை. 1993-ல் அரசு வேலையை விட்டு ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைச் சென்னையில் ஆரம்பித்தார். பெரிய மருத்துவமனைகளே இந்த நோயாளிகளைத் தொடப் பயந்த காலம் அது. அவர் கணவர் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர். அவருக்கே முதலில் மனைவி இந்த நோயாளிகளோடு வேலை செய்வதில் விருப்பம் இல்லையாம். ‘அவர்கள் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்’ என்றிருக்கிறார் இவர்.

அவர் மையம் செய்த ஆய்வுகளில் என்னை உட்கார வைத்த ஒன்று உண்டு. அங்கே சிகிச்சைக்கு வந்த பெண்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பாலியல் தொழிலாளிகள் இல்லை, குடும்பப் பெண்கள். வாழ்க்கையில் கணவனைத் தவிர வேறு ஆண் இல்லாதவர்கள். அவர்களுக்கு நோய் வந்த வழி கல்யாணம்தான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்த ஆய்வு வெளிவந்திருக்கிறது. அதே 2000-ல்தான் அக்கா மாமியார் தெருவில் நின்று கத்தினாள். அந்தத் தாளை யாராவது தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து எங்கள் தெருவில் ஒட்டியிருந்தால்? இப்படி நினைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. ஆனால் அக்காவுக்கு அதை நான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நான் சொன்னா நம்பலியே. டாக்டரம்மா சொல்லணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

மருந்து பற்றி ஒரு கோபம் அக்காவுக்கு இன்றும் உண்டு. 1996 வாக்கிலேயே மேல்நாடுகளில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துச் சாவைத் தடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆகும். 2001-ல் நம் சிப்லா கம்பெனி, ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று சொல்லி உலகத்தையே அதிர வைத்தது. அன்றைய கணக்கில் சுமார் 16,000 ரூபாய். உலகத்துக்கு அது மலிவு. புளி தட்டிக் கூலி வாங்கும் வீட்டுக்கு?

அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் ஒன்றாம் தேதி. முதலில் நாடு முழுவதும் எட்டு மருத்துவமனைகளில்தான். அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். முன்னாள் காசநோய் ஆஸ்பத்திரி. அக்கா அப்போது முப்பத்தாறு கிலோ இருந்தாள். வாயெல்லாம் புண். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அக்கா ஒருவர் வீடு தேடி வந்து சொன்னதால் எங்களுக்குத் தெரிந்தது.

மொரப்பூரில் ராத்திரி ரயில் ஏறினோம், அக்காவும் நானும். உட்கார இடம் கிடைத்தும் அக்கா கதவோரம் தரையில்தான் உட்கார்ந்தாள். இருமினால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயம். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம். அங்கே நின்ற வரிசையைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். எத்தனை பெண்கள்! நாமக்கல், தேனி, விழுப்புரம், ஆந்திராவிலிருந்துகூட. இடுப்பில் குழந்தை, கையில் ஃபைல், கழுத்தில் தாலி இல்லாதவர்கள்தான் அதிகம். யாரும் யாரையும் என்ன நோய் என்று கேட்கவில்லை. “எத்தனைம்மா?” என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். சி.டி.4 எத்தனை என்று அர்த்தம். உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களின் கணக்கு அது. இருநூறுக்குக் கீழே போனால்தான் அன்று மருந்து கொடுப்பார்கள். அக்காவுக்கு நூற்று அறுபத்திரண்டு.

அந்த வரிசையில் ஒரு ஆந்திராக்காரம்மா, தான் குடித்துக்கொண்டிருந்த டீயில் பாதியை அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கிக் குடித்தாள். நாலு வருடத்தில் அவள் இன்னொருவர் தம்ளரில் வாய் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதல் மருந்துகள் லேசானவை அல்ல. ரத்தசோகை வந்தது, மாற்றினார்கள். மாற்றிய மருந்தில் கன்னம் ஒட்டிப்போய் முகமே மாறியது, மறுபடி மாற்றினார்கள். ஆனால் ஆறு மாதத்தில் எட்டு கிலோ ஏறினாள். சில வருடங்களில் தர்மபுரி அரசு மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி. மையம் வந்துவிட்டது. ரயில் பயணம் நின்றது. 2017-லிருந்து விதியும் மாறிவிட்டது. அணுக்கள் குறையும் வரை காத்திருக்க வேண்டாம், நோய் இருப்பது தெரிந்த உடனேயே மருந்து. இப்போது அக்கா சாப்பிடுவது தினம் ஒரே ஒரு மாத்திரை. பக்கவிளைவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவள் ரத்தத்தில் கிருமியைத் தேடினால் சோதனையில் கண்ணுக்கே படாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

இப்படிக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது என்பதை உறுதி செய்ததிலும் சுனிதி அம்மாவின் மையத்துக்குப் பங்கு இருக்கிறது. ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு. ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, துணைக்கு இல்லை. இருப்பவருக்குச் சீக்கிரமே மருந்து கொடுத்தால் துணைக்குத் தொற்றுவது 96 சதவிகிதம் குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. அந்த ஜோடிகளில் சிலர் சென்னைக்காரர்கள். யாரோ நம்மைப் போன்ற ஒரு கணவனும் மனைவியும், மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்து, உலகத்துக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குள் வரன் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்திருக்கிறார் சுனிதி அம்மா. இதைப் படித்தபோது அக்காவிடம், “நமக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா...” என்று இழுத்தேன். “போடி, ஒரு தடவை பண்ணிக்கிட்டது போதாதா?” என்றாள். 2015 ஜூலையில் அவர் இறந்தார். 2017-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், அவர் இல்லாத பிறகு.

கொரோனா வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2020-ல் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி, தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த வீட்டுக்குப் பால்காரர் போகவில்லை. எல்லார் வீட்டிலும் தனித் தட்டு, தனித் தம்ளர். அக்கா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் ரசத்தைத் தூக்குவாளியில் ஊற்றி, அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். இருபது வருடத்துக்கு முன்னால் அவளைப் பற்றித் தெருவில் பேசியவர்களின் வீடு அது. நான் திட்டினேன். உனக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, உனக்கு ஏன் இந்த வேலை என்று. “வாசல்லதானே வெச்சேன்” என்றாள்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன்.

சட்டப்படி அக்கா யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டத்தில், ஒருவரின் நிலையைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றே இருக்கிறது. நான் அதை எடுத்துச் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா இருந்திருந்தால் சொல்ல விட்டிருக்க மாட்டார் என்றாள். அக்கா பிடிவாதமாக இருந்தாள். “அப்புறமா யாரோ வராந்தாவுல நின்னு சொல்லி அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டாம்.”

கடைசியில் சொன்னது பாப்பாதான். எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு இரண்டு பேரும் போயிருந்தார்கள். திரும்பி வந்து, “சொல்லிட்டேன் சித்தி” என்றாள். பையன் என்ன சொன்னான்? “ஒண்ணும் சொல்லல. யோசிக்கறேன்னாரு.”

பதினோரு நாள் போன் வரவில்லை. அந்தப் பதினோரு நாளும் அக்கா ஒன்பது மணி மாத்திரையைத் தவறவிடவில்லை. ஆனால் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள் பையனின் அம்மா அக்காவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டேன்.

“சம்பந்தி, நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே? பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்த பேப்பர் இருக்குங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. அக்கா நிதானமாக, “இருக்குங்க. பழசு. புதுசாவே எடுத்துடலாம்” என்றாள்.

பாப்பா குறுக்கே புகுந்தாள். “நான் எடுக்கறேன் அத்தை. அவரும் எடுக்கட்டும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்குக் கல்யாணம் நின்றது என்றே தோன்றியது. பிறகு அந்த அம்மா, “அதுவும் சரிதான்” என்றார்.

இரண்டு பேரும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போனார்கள். இலவசம்தான். அடையாளத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணில் கேட்கலாம். அந்தக் காலத்தில் மாமாவையும் அக்காவையும் யாராவது இப்படி உட்கார வைத்துப் பேசியிருந்தால் என்று நினைத்தபடி நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முடிவை அவரவர் கையில் தனித்தனியாகக் கொடுத்தார்கள்.

வைகாசியில் கல்யாணம். எல்லாம் சினிமா மாதிரி நடக்கவில்லை. பையனின் பெரியம்மா ஒருவர், விஷயம் தெரிந்தவர், எங்கள் வீட்டு விருந்தில் கை நனைக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்து, ஒரு சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னாள். அன்று ராத்திரி வரவேற்பில் ஒன்பது மணிக்கு மணியோசை அடித்தது. கூட்டத்தில் அக்கா போனைத் தேடிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மேடையிலிருந்தபடியே யாரையோ கூப்பிட்டு, “அத்தைக்குத் தண்ணி குடுங்க” என்றார்.

பாப்பாவை அனுப்பிவிட்டு வந்த மறுநாள், அக்காவும் நானும் பாத்திரங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். அரிசி டின்னைத் திறந்தேன். அளப்பதற்கு உள்ளே ஒரு எவர்சில்வர் தம்ளர் கிடந்தது. விளிம்பு கொஞ்சம் நசுங்கியிருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நெயில் பாலீஷ் எப்போதோ உரிந்து, ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு மிச்சமிருந்தது.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுமாக்கா?” என்றேன். எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

“அந்தக் கலர் நெயில் பாலீஷ் இந்த வீட்ல வேற யாருகிட்டடி இருந்துச்சு?” என்றாள். “ரெண்டு தம்ளர் அரிசி போடு. ராத்திரிக்கு அம்மாவும் சோறுதான் வேணும்ங்கறா.”